10 எம்எம் நட்டுக்கு 46 பீஸ் கிட் தேவையா? காரைக்கால் கார்காரங்களுக்கு ஒரு கணக்கு

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ்னு நிறைய பேசியாச்சு. இன்னிக்கு பேசப்போறது ஒரு ஸ்பேனரைப் பத்தி. விஷயம் சின்னதுதான், ஆனா தப்பான ஸ்பேனரால மழுங்கிப்போன ஒரு நட்டு உங்க மாச பட்ஜெட்டையே கலைச்சிடும்.

காரைக்கால்ல கார் வெச்சிருந்தா உங்களுக்கே தெரியும், உப்புக் காத்துல நட்டு, போல்ட் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். இந்த நிலைமையில ஒரு ராத்திரி நாகப்பட்டினம் போற என்ஹெச் 32-ல ஒரு பக்க ஹெட்லைட் எரியலைன்னு வைங்க. பல்பு மாத்தறது சுலபம்தான். ஆனா பல சின்ன கார்கள்ல ஒரு பக்க ஹெட்லைட்டுக்கு நேர் பின்னாடி பேட்டரி உட்கார்ந்திருக்கும். கை நுழையாது. பேட்டரியைக் கழட்டணும்.

இங்கதான் பலர் கட்டிங் பிளேயரைத் தேடுவாங்க. துருப்பிடிச்ச நட்டைப் பிளேயரால திருகினா முனை மழுங்கிடும். அப்புறம் சரியான ஸ்பேனர் வந்தாலும் பிடிக்காது. வெட்டி எடுக்கணும், புது கிளாம்ப் போடணும். தண்டச் செலவு!

வாங்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

1. சைஸ் என்ன? 6 எம்எம் போல்டோட தலை பெரும்பாலும் 10 எம்எம். பேட்டரி டெர்மினல்ல அதிகம் பார்க்கறது இதுதான். 8 எம்எம் போல்ட்டுக்கு ஜப்பான் வழி வந்த கார்கள்ல 12, ஐரோப்பிய வழி கார்கள்ல 13 வரும். அதனால பக்கத்து வீட்டுக்காரர் கிட்ல இருக்கறது உங்க காருக்குப் பொருந்தணும்னு இல்லை.

2. திருப்ப எவ்வளவு இடம் இருக்கு? சாதாரண ஓப்பன் ஸ்பேனரோட வாய் 15 டிகிரி சாய்ஞ்சிருக்கும். புரட்டிப் புரட்டிப் போட்டா 30 டிகிரி இடம் போதும். 36 பல் ராட்செட்டுக்கு 10 டிகிரி போதும். 72 பல்லுன்னா வெறும் 5 டிகிரி. இடுக்குல வேலைன்னா இந்தப் பல் கணக்கைக் கேட்டு வாங்குங்க.

3. நட்டுக்கு மேல இடம் இருக்கா? இருந்தா சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் ராடும் இறங்கும். இல்லைன்னா ராட்செட் தலையே உள்ள போகாது, மெல்லிசான ரிங் ஸ்பேனர்தான் வழி. துருப்பிடிச்ச நட்டுக்கு 6 முனை சாக்கெட் நல்லது. 12 முனையை விட நல்லாப் பிடிக்கும், மழுங்காது.

இதுக்கெல்லாம் பதில் கண்டுபிடிக்க செலவே இல்லை. டார்ச்சைப் போட்டு, போனை உள்ள விட்டு ஒரு வீடியோ எடுங்க. அதைக் கடையில காட்டி, வேண்டியது மட்டும் லூஸ்ல கிடைக்குமான்னு கேளுங்க.

இப்ப பணக் கணக்கு

ஆன்லைன்ல 46 பீஸ் கிட் கண்ணைப் பறிக்கும். அதுல எத்தனை பீஸ் உங்க கைக்கு வரும்? உதாரணத்துக்கு, நல்ல ராட்செட், 10 எம்எம் சாக்கெட், எக்ஸ்டென்ஷன் மூணும் சேர்த்து 900 ரூபாய்னு வைங்க. மெக்கானிக் கூலி 300. உங்க சம்பளம் 30,000-ன்னா, லாஸ் ஆஃப் பே-ல அரை நாள் போனா 500. ஆக ஒரு தடவைக்கு 800. ரெண்டாவது தடவையே போட்ட காசு திரும்பிடும்.

ஆனா ஒரு கண்டிஷன். ஞாயித்துக்கிழமை மெக்கானிக்கிட்ட போக முடியும்னா அந்த 500-ஐச் சேர்க்காதீங்க. அப்ப காசு திரும்ப மூணு தடவை ஆகும். வருஷத்துக்கு ஒரு தடவைகூட பானெட்டைத் திறக்காதவர்னா வாங்கவே வேண்டாம். தெரிஞ்சவங்ககிட்ட ஸ்பேனரை இரவல் வாங்கி வேலையை முடிங்க. உபயோகிக்காத டூல் கிட்டும், போகாத ஜிம் மெம்பர்ஷிப்பும் ஒண்ணுதான்.

வேலை செய்யறப்ப

• இக்னிஷனை ஆஃப் பண்ணிட்டு, நெகட்டிவை முதல்ல கழட்டுங்க, கடைசியா மாட்டுங்க. பாசிட்டிவை முதல்ல கழட்டும்போது ஸ்பேனர் பாடியில பட்டா ஷார்ட் ஆகும்.

• துரு இருந்தா ஸ்ப்ரே அடிச்சு கொஞ்ச நேரம் விடுங்க. பலத்தைக் காட்டாதீங்க.

• ஹாலஜன் பல்போட கண்ணாடியை வெறும் கையால தொடாதீங்க. விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகமா சூடாகி, பல்பு சீக்கிரம் போயிடும்.

பிரேக், ஏர்பேக், எலெக்ட்ரிக் கார்ல ஆரஞ்சு கலர் கேபிள், இந்த மூணுலயும் கை வைக்கவே வேண்டாம். அங்க மெக்கானிக்குக்குக் கொடுக்கற காசு செலவு இல்லை, பாதுகாப்பு. வாரன்டில இருக்கற காருக்கு முதல்ல அந்தப் புத்தகத்தைப் படிச்சிடுங்க.

இந்த வாரக் கடைசில பானெட்டைத் திறந்து உங்க பேட்டரி நட்டு என்ன சைஸ், சுத்தி எவ்வளவு இடம்னு மட்டும் பாருங்க. கமெண்ட்ல கார் மாடலோட எழுதுங்க, அதே மாடல் வெச்சிருக்கற இன்னொருத்தருக்கு வீண் செலவு மிச்சம்.