அரைப்பேர்

இலங்கையின் மாத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, பெற்றவர்கள் வைத்தது. மற்றது, தோட்டத்து நாள்வேலைப் பதிவேடான செக்ரோலில் விழுவது. பறித்த கொழுந்து நிர்ணயித்த கிலோவைத் தொட்டால் முழுப்பேர், தொடாவிட்டால் அரைப்பேர். மழை நாளென்றால் ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு. காலையில் கொழுந்து பறிக்க மலையேறும் பெண் முழு ஆளாகத்தான் ஏறுகிறாள். மாலையில் தராசை விட்டு விலகும்போது “இன்னைக்கு அரைப்பேர்தான்” என்று சொல்லிக்கொண்டு தன் வரிசைக் குடியிருப்பான லயத்துக்கு இறங்குகிறாள்.

ஒருவருடைய நாள் உழைப்புக்கு என்ன கொடுத்தால் நியாயம்? பாப்பரசர் 13ஆம் லியோ 1891 மே 15 அன்று வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடல் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் படிப்பினை என்று இன்று பேசப்படுவதற்குத் தொடக்கம் அதுதான். ஐரோப்பிய ஆலைத் தொழிலாளரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட மடல் அது. முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்ட தொகை என்பதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது, சிக்கனமாக வாழும் உழைப்பாளி தன் வயிற்றைக் கழுவ அது போதுமானதாக இருக்கவேண்டும் என்றது. இன்னொன்றையும் சொன்னது: உழைப்பவர்களில் இயன்றவரை அதிகமானோர் சொத்துக்கு உரியவராக வேண்டும், சட்டம் அதற்குத் துணைபோக வேண்டும். இலங்கையின் மலைத்தோட்டப் பகுதியான மலையகத்தில் இந்த இரண்டாவது பகுதியை யாரும் அதிகம் எடுத்துச் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அதே காலத்தில் மாத்தளையில் கோப்பி அழிந்து தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தலைமன்னார்ப் பக்கம் கரையேறி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து நடந்து வந்தார்கள். மலைநாட்டின் வாசல் மாத்தளை. வழியிலேயே கொள்ளைநோயில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. வந்து சேர்ந்தவர்களை ‘துண்டு’ பிடித்துக்கொண்டது. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய காகிதம் அது. கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. அந்த முறையை ஒழிக்கும் சட்டம் 1921இலும், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இலும்தான் வந்தன.

இந்த மக்கள் இலங்கைக்கு வரத் தொடங்கி 2023இல் 200 ஆண்டு. அதை நினைவுகூர்ந்து ஜூலை 28 அன்று தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நடந்து ஆகஸ்ட் 12 அன்று மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. தேசிய கிறிஸ்தவ மன்றம் துணை நின்றது. சிங்களவரும் முஸ்லிம்களும் கூட நடந்தார்கள். நடைக்கு வைத்த பெயர் ‘மாண்புமிகு மலையக மக்கள்’. தமிழகத்தில் அமைச்சர்களின் பெயருக்கு முன்னால் வரும் ‘மாண்புமிகு’வைக் கொழுந்து பறிப்பவர்கள் தங்களுக்கு முன்னால் போட்டுக்கொண்டார்கள். கூலி, காணி, மொழி, சம உரிமை என்று கோரிக்கைகள் பல இருந்தன. எனினும் தலைப்பில் நின்றது மாண்பு என்ற ஒரே சொல்.

திருச்சபையின் படிப்பினையிலும் அச்சாணி அதுதான். மனிதன் கடவுளின் சாயல் என்பதால் மாண்பு பிறப்போடு வருகிறது. அரசோ தோட்ட நிர்வாகமோ சலுகையாகக் கொடுப்பதல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட ஏடு, மனித மாண்பைக் குலைப்பவற்றைப் பட்டியலிட்டது. கொலை, இனப்படுகொலை, அடிமைத்தனம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில், மனிதர் வாழத் தகாத வாழ்விடச் சூழல், நாடுகடத்தல், உழைப்பாளியை இலாபக் கருவியாக நடத்தும் வேலை நிலை ஆகியவையும் அதில் இருந்தன. உரோமையில் இருந்தவர்கள் மலையகத்தை நினைத்து எழுதவில்லைதான். ஆனால் 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்துறங்கியது இங்கே. நாடுகடத்தலும் அப்போதுதான் கையெழுத்தாகியிருந்தது: 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் முடிவுசெய்தது. எஞ்சியவர்களில் 3,00,000 பேர் இலங்கைக்கு. 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இவர்கள் எல்லோரிலும் எத்தனை பேரின் விருப்பம் கேட்கப்பட்டது என்பது வேறு கதை.

திருச்சபையின் இந்தப் படிப்பினை மலையகத்துக்கு ஏறிவர வெகுகாலம் பிடித்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அதை அங்கே கொண்டுசேர்த்தவர்களில் முக்கியமானவர் சேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் (1925–2017). 1972இல் கண்டியில் ‘சத்யோதயா’வைத் தொடங்கினார். சிங்களவர், தமிழர், பௌத்தர், இந்து, கிறிஸ்தவர் என்று பலரும் சேர்ந்து வாழ்ந்து வேலை செய்த இடம் அது. இரண்டாண்டு கழித்துப் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. கண்டி மறைமாவட்டத்துக்குள்தான் மாத்தளையும் வருகிறது. தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவர்களை மாதா கோயிலுக்கு அழைத்துவருவது கஸ்பர்ஸின் வேலையாக இருக்கவில்லை. அவர்களுக்கு நடப்பதை நாடு பார்க்கச் செய்வதே அவர் வேலையாக இருந்தது.

சத்யோதயா தொடங்கிய அந்த ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தால், திருச்சபையும் அரசும் ஒருபோலப் பேசும் ‘பொது நன்மை’ என்ற சொல் எவ்வளவு வழுக்கும் என்பது விளங்கும். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தம் பெரிய தோட்டங்களை அரசுடைமையாக்கியது. நாட்டின் நன்மைக்கு என்றார்கள். அதில் உண்மையும் உண்டு, காணியற்ற சிங்களக் கிராமத்தவரின் பசி பொய்யல்ல. ஆனால் கண்டி, மாத்தளைப் பகுதிகளில் சில தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அந்த மண்ணைப் பயிராக்கியவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. பலர் வெளியேற்றப்பட்டார்கள். அந்த ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினியும் பரவியிருந்தது.

திருச்சபை சொல்லும் பொது நன்மை பெரும்பான்மையின் நன்மை அல்ல. கூட்டிக்கழித்துப் பார்த்த சராசரியும் அல்ல. ஒவ்வொரு குழுவும், அதில் ஒவ்வொரு ஆளும், முழு மனிதராக வாழ வழிசெய்யும் சூழ்நிலைகளின் தொகுப்பு அது. ஒருவரைக் கழித்துவிட்டால் கணக்கே தப்பு. ஊரில் ஆலமரத்து நிழல் எல்லோருக்கும் என்பார்கள். நட்டவனை வெயிலில் நிறுத்திவிட்டு அப்படிச் சொல்ல முடியாது.

இனி மீண்டும் 2023 ஆகஸ்ட். நடைபயணம் மாத்தளையில் முடிந்து சில நாட்கள்தான். எல்கடுவப் பகுதித் தோட்டமொன்றில் ஒரு தமிழ்க் குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைத்தெறிந்தார். காணொளி நாடெங்கும் பரவியது. மலையக அரசியல்வாதிகள் ஓடிவந்தார்கள். ‘மாண்புமிகு’ என்ற பதாகையின் மடிப்புக்கூடக் கலைந்திருக்காது.

கூலி நகர்ந்திருக்கிறது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா, 2024இல் 1,350. 2026 வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசு 200 ரூபா சேர்த்துத் தருவதாக அறிவித்தது. காணி அப்படி நகரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் மழையில் மாத்தளை மலைகளும் சரிந்தபோது, பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணி என்ற கோரிக்கை மீண்டும் எழுந்தது. அதே ஆண்டு மே மாதம் தெரிவான பாப்பரசர், 1891இன் மடலை நினைத்தே தமக்கு 14ஆம் லியோ என்று பெயர் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். உழைப்பவர் சொத்துக்கு உரியவராக வேண்டும் என்று அந்த மடல் சொல்லி 130 ஆண்டுகளுக்கு மேலாகிறது. மலையகத்தில் பல லயங்களுக்குத் தனி முகவரி இல்லை. அங்கே இருப்பவர்களுக்கு வரும் கடிதம் இன்றும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகிறது.