தொழுகைக்கு உள்ள சலுகை தொழிலுக்கும் உண்டு



திண்டுக்கல்லுக்கு வடக்கே உள்ள எரியோட்டில், ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, தையற்கடை நடத்தும் சகோதரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டிருந்தார். முடி உதிர்ந்ததைப் பிறர் காணாதிருக்கவே அவ்வாறு அணிந்திருக்கிறார் என்பது பின்னரே விளங்கிற்று.

"ஹஜ்ரத், எனக்குப் புற்றுநோய். மதுரைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறேன். கடையை மூடினால் வீட்டில் அடுப்பெரியாது. பெருநாள் துணி குவிந்து கிடப்பதால், இம்முறை மருத்துவர் சொன்ன நாளுக்குப் போகவில்லை. நோயோடு வேலை செய்வது தவறா? படுத்துக் கிடப்பதுதான் பொறுமையா?" என்று வினவினார்.

இவ்வினா அவர் ஒருவருடையது மட்டும் அன்று. நம் மஹல்லாக்களில் எத்தனையோ இல்லங்கள் வாய்விட்டுக் கேளாமல் மனத்துள் புதைத்து வைத்திருக்கும் வினா இது.

மூலநோயால் வருந்திய நபித்தோழர் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இதனைச் சற்றே சிந்தியுங்கள். நோயாளியிடமிருந்து தொழுகை பறிக்கப்படவில்லை. நின்றே ஆகவேண்டும் என்று அவர் நெருக்கப்படவும் இல்லை. உடலின் நிலைக்கேற்பக் கடமை தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. கடமையான தொழுகைக்கே இச்சலுகை உண்டெனில், தையல் இயந்திரத்தின் முன் அமர்வதற்கு இல்லாமற் போகுமா?

ஆகவே அந்தச் சகோதரரிடம், "உழைப்பது தவறன்று, ஆனால் மருத்துவர் குறித்த நாளைத் தவற விட்டதுதான் தவறு" என்று கூறினேன். நோய்க்கு மருந்து தேடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். நோயாளிகள் நோன்பைப் பிற நாட்களில் நோற்கலாம் என்று திருமறையே சலுகை வழங்கியிருக்கிறது. அவ்வாறிருக்க, பெருநாள் சட்டைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட எவருக்கு உரிமை உண்டு?

நம் தமிழகம் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்கு நினைவு கூர்வது பொருந்தும். முதலமைச்சராக இருந்த அறிஞர் அண்ணா அவர்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். ஆட்சிப் பொறுப்பு தலைமேல் இருந்தும், 1968 செப்டம்பரில் நியூயார்க் சென்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். நவம்பரில் திரும்பிய பின்னரே பணிகளை மீண்டும் ஏற்றார்கள். சென்னை மாநிலம் தமிழ்நாடு என்னும் பெயரை ஏற்ற 1969 ஜனவரி 14ஆம் நாள், மெலிந்த உடலுடன் சென்னையில் கலைவாணர் சிலைத் திறப்பு விழாவிலும் கலந்துகொண்டார்கள். பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார்கள். முதலில் சிகிச்சை, பின்னர் இயன்ற பணி என்பதே இதில் நாம் காணும் ஒழுங்கு. வேலை செய்தால் நோய் ஓடிவிடும் என்பதும் இல்லை. வேலையை விட்டவர் தோற்றவர் என்பதும் இல்லை. குணம் இறைவனின் நாட்டம்.

வேலையைத் தொடர விரும்புவோர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். இம்மருந்துகள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வார இடைவெளியில் ஏற்றப்படுகின்றன. மருந்தேறிய ஒன்றிரண்டு வாரத்தில் இரத்த வெள்ளணுக்கள் குறைந்து, தொற்று எளிதில் பற்றும். காய்ச்சல் 100.4 பாகையை எட்டினால், கைவேலையை அப்படியே விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சில மருந்துகளால் விரல் நுனிகளும் பாதங்களும் மரத்துப்போகும். ஊசியும் கத்தரிக்கோலும் பிடிப்பவர் இதனை மருத்துவரிடம் மறைத்தல் ஆகாது. உடல் இடங்கொடுக்கும் நாட்களை மருத்துவரிடமே கேட்டறிந்து, அந்நாட்களுக்கு மட்டும் வேலையை ஏற்றுக்கொள்க.

இனி, உடல்நலம் பெற்றிருப்போரின் கடமை யாது? நோயாளியின் மனவுறுதியைப் பாராட்டிவிட்டு, அவர் தோளில் முழுச்சுமையையும் விட்டுச் செல்வது நியாயமாகுமா? துணி கொடுத்தவர் பத்து நாள் பொறுக்கலாம். ஜமாஅத்தின் பைத்துல்மால், கேட்கும் முன்னரே கொடுக்கலாம். வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளைப் போன்ற இடங்களில் பணிபுரிந்து ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றிருப்போருக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இத்தகைய நீண்ட நோய்க்குச் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை, 730 நாட்கள் வரை உதவி கிடைக்க வழியுண்டு. தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. படித்த இளைஞர்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து உடன் சென்றால், அதுவும் தருமமே.

ஒன்றுமே செய்ய இயலாது படுத்துவிட்டவரும் கலங்க வேண்டா. உடல்நலத்துடன் இருந்த நாளில் செய்துவந்த நற்செயல்களின் கூலி, நோயுற்ற நாளிலும் ஒருவருக்கு எழுதப்படுகிறது என்பது நபிமொழி தரும் நற்செய்தி. மனைவி மக்களுக்காக உழைத்து ஈட்டியதும் நற்செயல்தானே!

அடுத்த முறை எரியோடு சென்றபோது, அந்தக் கடையின் கதவில் ஓர் அட்டை தொங்கிற்று. கடைக்காரர் மருத்துவமனை சென்றிருப்பதாகவும், துணிகள் பெருநாளுக்குப் பின்னரே கிடைக்கும் என்றும் அதில் எழுதியிருந்தது. இருவர் துணியைத் திரும்ப வாங்கிச் சென்றார்களாம். மற்றவர்கள் யாவரும் விட்டுச் சென்றார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் கூறினார்.

அந்தப் பெருநாளன்று பழைய சட்டை அணிந்து தொழ வந்தவர்கள் அனைவருக்கும், நோயுற்றோர் யாவருக்கும் வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக! ஆமீன்.