ஆம்ஸ்டர் கன்னப்பைச் சோதனை

தாவரப் பொருள்கள் வாய்ப்புற்றுநோயைத் தடுக்குமா என்று ஆய்வகத்தில் அறிய உதவும் முறைகளுள் ஒன்று ஆம்ஸ்டர் கன்னப்பைச் சோதனை. ஆம்ஸ்டர் என்பது எலி இனத்தைச் சேர்ந்த சிறு விலங்கு. தானியத்தைச் சேர்த்து வைக்க இதன் இரு கன்னங்களின் உட்புறமும் பை போன்ற அமைப்பு உண்டு. அந்தப் பையை வெளியே இழுத்துப் பார்க்கலாம் என்பதே ஆய்வாளர்களுக்கு வசதி. 1954இல் சாலி என்ற அமெரிக்க ஆய்வாளர் இம்முறையை விவரித்தார். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இவ்வகை ஆய்வுகள் பல நடந்துள்ளன.

டி.எம்.பி.ஏ. என்னும் புற்று உண்டாக்கும் வேதிப்பொருளைத் திரவ பாரஃபினில் 0.5 விழுக்காடு கலந்து, வாரம் மூன்று முறை தூரிகையால் பையில் தடவுவார்கள். ஏறத்தாழ 14 வாரங்களில் கட்டிகள் தோன்றும்.

விலங்குகளைப் பொதுவாக நான்கு குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒன்றுக்கு எதுவும் தருவதில்லை. இரண்டாவதற்கு டி.எம்.பி.ஏ. மட்டும். மூன்றாவதற்கு அதனுடன் சோதிக்கப்படும் பொருளும் வாய்வழியே தரப்படும். நான்காவதற்கு அப்பொருள் மட்டும். அதுவே நஞ்சாகிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? இறுதியில் கட்டிகளை எண்ணி, அளந்து, திசுவை நுண்ணோக்கியில் ஆராய்வார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல ஆய்வுகளில் அந்தப் பொருளை டி.எம்.பி.ஏ. தடவுவதற்கு ஒரு வாரம் முன்பே கொடுக்கத் தொடங்குகிறார்கள். அதாவது, கட்டி வருமுன். வந்துவிட்ட கட்டியை அது கரைக்குமா என்பது இத்தகைய ஆய்வுகளில் பார்க்கப்படுவதில்லை. ‘மஞ்சள் புற்றுநோயைக் குணப்படுத்தும்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவோர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். மேலும், சோதனைகளில் பெரும்பாலும் தரப்படுவது பிரித்தெடுத்த குர்குமின். சமையல் மஞ்சள்தூளில் அது நூற்றுக்குச் சில பங்குதான். உட்கொண்டாலும் குடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது.

சரி, விலங்கில் தடுத்தது மனிதரிலும் தடுக்குமா? கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் ஆம்ஸ்டர் கன்னப்பையில் கட்டிகளைக் குறைத்தது. காய்கனி அதிகம் உண்போருக்கு நுரையீரல் புற்று குறைவு என்ற கணக்கெடுப்புகளும் நம்பிக்கை தந்தன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, அவர்களில் பாதிப்பேருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வெளியானது. மாத்திரை பெற்றவர்களிடம் நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்போரிடமும் கல்நார்த் தொழிலாளரிடமும் நடந்த மற்றொரு ஆய்வில், பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் சேர்த்துத் தந்தபோது 28 விழுக்காடு கூடியது. திட்டமிட்ட காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே, 1996 ஜனவரியில், அங்கே மாத்திரை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.