நாய்க்கும் வேலை வேண்டும்

எங்கள் அவிநாசிப் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்டுப்பட்டி காக்கும் நாய்க்கு இரவெல்லாம் வேலையுண்டு. வாடை பிடிக்கும், காலடி ஓசைக்குச் செவி சாய்க்கும், வேலியோரம் சுற்றிவரும். அந்நாயையே வீட்டு முற்றத்தில் கட்டிப்போட்டால் ஓயாமல் குரைக்கிறது, செருப்பைக் குதறுகிறது. இதனைக் குறும்பு என்பர் பலர். வேலையின்மை என்பேன் நான்.

மனிதனுக்கு மோப்ப அணுக்கள் ஏறத்தாழ 50 இலட்சம்; நாய்க்கோ 20 கோடிக்கு மேல் என்று கணக்கிடுவர். மாணவ நண்பர்களே, அம்மூக்கிற்கு வேலை கொடுங்கள். உணவு முழுவதையும் தட்டில் இடாமல், ஒரு பகுதியைக் கவிழ்த்த கொட்டாங்கச்சிகளின்கீழ்ச் சிறிது சிறிதாக ஒளித்து வையுங்கள். முதலில் நாய் காணும்படி வையுங்கள். பழகியபின் காணாதபடி வையுங்கள். பத்து நிமிடத் தேடல் போதும். மூளை களைத்த நாய் தானே படுத்துக்கொள்ளும். வெங்காயம், திராட்சை, சாக்லேட்டு ஆகியவை அதற்கு நஞ்சு, அவற்றை விலக்குங்கள்.

எனினும், இவ்விளையாட்டு நடைக்கு ஈடாகாது. எப்போதும் கட்டியே வைக்கும் நாய்க்குத் தக்க உடற்பயிற்சி தராதிருப்பது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். சங்கிலி நாயை ஓரிடத்தில் நிறுத்தும். அதன் மனத்தை அமைதிப்படுத்தாது. ஆதலின் காலையில் உலாவ அழைத்துச் செல்லுங்கள். மாலையில் தேட விடுங்கள்.