'பீரா 91' நிஜமாவே கிராஃப்ட் பீர்தானா? வீட்டில் காய்ச்சத் தெரிந்தவர்கள் சொல்வது என்ன?

மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் இருக்கிறது காரியாபட்டி. தீபாவளி, பொங்கல் என்றால் பெங்களூரு, சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இங்கே வந்து இறங்குவார்கள். அவர்கள் பேச்சில் அடிக்கடி காதில் விழும் ஒரு வார்த்தை, 'கிராஃப்ட் பீர்'.

"அதென்ன மாப்ள கிராஃப்ட்டு? எல்லாமே பீருதானே?" என்று ஊரில் இருக்கும் மாமா கேட்டால், சட்டென்று பதில் சொல்வது கஷ்டம். ஏன்னா, பீரை வீட்டிலேயே தயாரிக்கத் தெரிந்தவர்களுக்கு நடுவிலேயே இதில் ஒத்த கருத்து கிடையாது. அவர்கள் அதிகமாக மோதிக்கொள்வது, குரங்கு லோகோவோடு வரும் 'பீரா 91' பற்றித்தான்.

அந்தச் சண்டை என்ன? பனைமரமும் கரிசல் காடும் இருக்கும் நம்ம ஊருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

கிராஃப்ட் பீர் என்றால் என்ன?

சிறிய ஆலையில், குறைந்த அளவில், தயாரிப்பவரின் கைப்பக்குவத்தோடு உருவாகும் பீர் என்பதுதான் பொதுவான அர்த்தம். கைத்தறிச் சேலைக்கும் மில் சேலைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. அங்குள்ள 'ப்ரூவர்ஸ் அசோசியேஷன்' என்ற சங்கத்தின் வரையறைப்படி, ஆண்டுக்கு 60 லட்சம் பேரலுக்கு மேல் தயாரிக்கக் கூடாது. அதாவது சுமார் 70 கோடி லிட்டர்! கிராஃப்ட் ஆலையாக இல்லாத மதுக் கம்பெனியின் பங்கு 25 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். முன்பு இந்த உச்சவரம்பு 20 லட்சம் பேரலாக இருந்தது. 'சாமுவேல் ஆடம்ஸ்' பீரைத் தயாரிக்கும் பாஸ்டன் பீர் கம்பெனி அந்த எல்லையை நெருங்கிய சமயத்தில்தான் வரம்பு உயர்த்தப்பட்டது. 'சின்னது' என்பதற்கான அளவுகோலே வளர்ந்துவிட்டது என்று அப்போதே சிலர் கிண்டல் செய்தார்கள்.

பீரா 91 எப்படி வந்தது?

அங்கூர் ஜெயின் தொடங்கிய நிறுவனம் பி9 பெவரேஜஸ். 2015-ல் டெல்லியில் பீரா 91-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. 91 என்பது போனில் வரும் இந்தியாவின் நாட்டு எண்தான்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், இந்தியப் பெயரோடு வந்த இந்த பீர் முதலில் காய்ச்சப்பட்டது பெல்ஜியத்தில். அங்கிருந்து இறக்குமதியாகி இங்கே விற்பனையானது. அடுத்த ஆண்டுதான் இந்தியாவில் தயாரிப்பு தொடங்கியது. பிறகு முதலீட்டு நிறுவனங்களின் பணம் வந்தது. 2021-ல் ஜப்பானின் பெரிய பீர் கம்பெனியான கிரின் முதலீடு செய்தது.

இந்த பிராண்டின் அடையாளமே 'ஒயிட்' என்ற கோதுமை பீர். கசப்பு குறைவு. எலுமிச்சை, ஆரஞ்சு வகை வாசமும் மல்லி வாசமும் லேசாக வரும். ஆமாம், நம்ம கொத்தமல்லி விதைதான்! அருப்புக்கோட்டை, காரியாபட்டி பக்கம் கரிசலில் மானாவாரியாக விதைக்கிற அதே மல்லி. கோதுமை பீரில் மல்லியும் ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பது பெல்ஜியத்தின் பழைய வழக்கம்.

வீட்டில் காய்ச்சுபவர்கள் பேச்சுக்கு ஏன் மதிப்பு?

'காய்ச்சுவது' என்றதும் நம்ம ஊரில் சாராய ஊறல்தான் ஞாபகம் வரும். பீர் அப்படி இல்லை. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, அதில் இறங்கும் இனிப்புத் தண்ணீரை வடிகட்டி, ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிடுவார்கள். சாராயம் மாதிரி ஆவியாக்கி இறக்கும் வேலை இதில் இல்லை.

வீட்டில் இதைச் செய்பவர்கள் ஒரு தடவைக்கு 20 லிட்டர் அளவில் செய்வார்கள். ரெண்டு டிகிரி சூடு கூடினாலும் ருசி மாறிவிடும். பாத்திரம் சரியாகக் கழுவாவிட்டால் மொத்தமும் காடியாகிவிடும். புளிப்பு முடியும் முன்னே பாட்டிலில் அடைத்தால் பாட்டிலே வெடிக்கும். இதையெல்லாம் அனுபவித்தவர்கள் என்பதால், கடையில் வாங்கிய பீரை ஒரு வாய் குடித்தாலே என்ன போட்டிருக்கிறார்கள், எதைக் குறைத்திருக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்வார்கள். சாம்பாரை வாயில் வைத்ததுமே சமையல்காரர் குறை சொல்வாரே, அது மாதிரி.

ஆதரிப்பவர்கள் சொல்வது என்ன?

முதல் வாதம்: கண்ணைத் திறந்துவிட்ட பீர். பல வருஷமாக இந்தியாவில் பீர் என்றாலே ஒரே மாதிரி லாகர், இல்லாவிட்டால் 'ஸ்ட்ராங்'. கோதுமையில் பீர் இருக்கிறது, அதில் மல்லி வாசம் வரும் என்பதையே பலர் பீரா மூலமாகத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்த ஆர்வத்தில்தான் சிலர் தாங்களே செய்துபார்க்க இறங்கினார்கள்.

இரண்டாவது வாதம்: ஒரே ருசி. வீட்டில் 20 லிட்டரை ரெண்டு தடவை செய்தால் ரெண்டும் ரெண்டு விதமாக இருக்கும். லட்சக்கணக்கான லிட்டரை, வேறு வேறு ஊர் ஆலைகளில், ஒரே ருசியில் கொண்டுவருவது சாதாரண வேலை இல்லை. கஷ்டப்பட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

இவர்கள் சொல்வது, "பீர் பரவாயில்லை, ஆனா அந்த 'கிராஃப்ட்' என்ற வார்த்தைதான் உறுத்துது" என்பதுதான்.

ஒன்று, ருசி. எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று கசப்பையும் வாசத்தையும் குறைத்துக் குறைத்துச் சாதுவாக்கிவிட்டார்கள் என்பது இவர்கள் குறை.

இரண்டு, புதுசா பழசா என்பது. பெரிய பிராண்ட் என்றால் குடோன், லாரி, கடை என்று பயணம் நீளம். பீருக்கு வெயிலும் வெளிச்சமும் எதிரி. ஹாப்ஸ் சேர்ந்த பீரில் வெயில் பட்டால் ஒருவித நாற்றம் வந்துவிடும். பல பீர் பாட்டில்கள் பழுப்பு நிறத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம். கத்திரி வெயிலில் குடோனில் கிடந்த பீர், ஆலையில் ருசித்த பீராக இருக்காது. அதனால்தான் வீட்டில் காய்ச்சுபவர்கள் முதலில் பார்ப்பது லேபிள் படத்தை அல்ல, தயாரித்த தேதியை.

மூன்றாவது குறைதான் முக்கியமானது. யாரோ ஒருவர் வீட்டுப் பாத்திரத்தில் செய்துபார்த்து, தெருவுக்குக் கொடுத்து, சின்ன ஆலை வைத்து வளர்ந்த பீர் அல்ல இது. முதலில் பிராண்ட், பிறகு முதலீடு, பிறகுதான் ஆலை. பாதையே தலைகீழ் என்கிறார்கள்.

அப்போ, பெரிசா வளர்ந்தாலே தப்பா?

இல்லை. இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் 'சியரா நெவாடா'.

கென் கிராஸ்மன் என்பவர் 1976-ல் கலிஃபோர்னியாவின் சிகோ ஊரில், வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். 1980-ல் சொந்தமாக ஆலை தொடங்கினார். இன்று அமெரிக்கா முழுக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும் பீர் அது. இருந்தாலும் வீட்டில் காய்ச்சுபவர்கள் அதை விட்டுக்கொடுப்பதில்லை. அந்த ஆலையோடு தொடர்புடைய 'சிகோ' வகை ஈஸ்ட்டைத்தான் உலகம் முழுக்கப் பலர் தங்கள் வீட்டுப் பாத்திரத்தில் போடுகிறார்கள்.

சாமுவேல் ஆடம்ஸுக்கு ரெண்டும் நடந்தது. 1985-ல் வந்த அந்த பீர், ஆரம்பத்தில் வேறொருவர் ஆலையில் காசு கொடுத்துக் காய்ச்சப்பட்டது. "இது எப்படி கிராஃப்ட்?" என்று அப்போது கேள்வி எழுந்தது. பின்னர் 1996-ல் அதே கம்பெனி 'லாங்ஷாட்' என்ற போட்டியைத் தொடங்கியது. வீட்டில் காய்ச்சுபவர்களின் பீரைத் தேர்ந்தெடுத்து, பாட்டிலில் அடைத்துக் கடைக்குக் கொண்டுவந்தது. திட்டிய வாய்களில் சில பாராட்டவும் செய்தன.

ஆக, இவர்கள் அளவை மட்டும் பார்ப்பதில்லை. 'எங்கிருந்து வந்தாய், வந்த வழியை ஞாபகம் வைத்திருக்கிறாயா?' என்றுதான் கேட்கிறார்கள்.

அந்த வழி எப்படித் திறந்தது?

சட்டத்தால். பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை என்று 1963-ல் ஆனது. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், சொந்த உபயோகத்துக்கு ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன், அதாவது சுமார் 378 லிட்டர் வரை வரியில்லாமல் காய்ச்ச வழிவிட்டது. விற்கக் கூடாது. அதன் பிறகும் மாநிலங்கள் ஒவ்வொன்றாகத்தான் இறங்கி வந்தன. கடைசி மாநிலங்களான அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-ல்தான் அனுமதித்தன.

அடுப்படியில் பழகியவர்களில் பலர் பிற்பாடு ஆலை முதலாளிகள் ஆனார்கள். கிராஃப்ட் பீர் என்ற அலையே அங்கிருந்துதான் எழுந்தது.

தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சலாமா?

கூடாது. இதில் சந்தேகமே வேண்டாம்.

மது என்பது அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். அதனால்தான் ஊருக்கு ஊர் சட்டம் மாறுகிறது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி லைசென்ஸ் இல்லாமல் எந்த மதுவைத் தயாரித்தாலும் குற்றம். தயாரிப்பதற்கென்று பொருளும் பாத்திரமும் வைத்திருந்தாலே குற்றம். ஆன்லைனில் ஹாப்ஸும் ஈஸ்ட்டும் கிடைக்கிறது, வீடியோவும் இருக்கிறது என்று ஆசைப்பட்டு இறங்குபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். "விக்கலையே, நான் குடிக்கத்தானே செஞ்சேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்த பிறகு, இந்தச் சட்டத்தின் தண்டனைகள் இன்னும் கடுமையாக்கப்பட்டன.

சில்லறை விற்பனையும் 2003 நவம்பரிலிருந்து டாஸ்மாக் கையில்தான். புனே, பெங்களூரு மாதிரி அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் சின்ன ஆலைக் கலாச்சாரம் இங்கே வளரவில்லை.

சட்டத்தின் பிடி பெரிய கம்பெனிகளையும் விடுவதில்லை. பீரா 91 நிறுவனமே இதற்கு சாட்சி. பங்குச்சந்தைக்குப் போகும் திட்டத்தோடு, கம்பெனிப் பெயரில் இருந்த 'பிரைவேட்' என்ற வார்த்தையை எடுத்தது. ஒரே ஒரு வார்த்தைதான். ஆனா, மாநிலம் மாநிலமாக லேபிளை மறுபடி பதிவுசெய்ய வேண்டியதாகி, சில மாதங்கள் விற்பனை முடங்கியது. 2023-24 நிதியாண்டில் நிறுவனத்தின் நஷ்டம் 748 கோடி ரூபாய்.

பனைமரத்தடியில் அதே கேள்வி

கிராஃப்ட் என்றால் உள்ளூர்ப் பொருள், சின்ன அளவு, கைப்பக்குவம் என்றால், காரியாபட்டி, திருச்சுழி பக்கத்துக்குக் கிட்ட வருவது பனங்கள்தான்.

பனம்பாளையைச் சீவிக் கலயம் கட்டுவார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட்டே வேலையைக் காட்டி, சில மணி நேரத்தில் கள் ஆகிவிடும். அதே மரம், அதே ஆள், அதே கலயம். நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. ஆனா முதலாவது தொழில், இரண்டாவது வழக்கு. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தது 1987-ல். பக்கத்துக் கேரளாவில் கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் உண்டு.

தடையை நீக்கச் சொல்லும் விவசாயிகள், பனையேறிகளுக்கு வருமானம் வரும், மரத்தை வெட்டி விற்கும் நிலை குறையும் என்கிறார்கள். எதிர்ப்பவர்கள், கள்ளில் கலப்படம் செய்வது சுலபம், கண்காணிப்பது கஷ்டம், ஏற்கெனவே குடியால் நொந்த குடும்பங்களுக்கு இன்னொரு கதவைத் திறக்க வேண்டாம் என்கிறார்கள். ரெண்டு பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை.

முடிவாக என்ன?

பீரா 91 கிராஃப்ட் பீரா இல்லையா என்ற சண்டைக்கு இப்போதைக்கு முடிவு கிடையாது. ஆனா, அந்தச் சண்டை காட்டும் விஷயம் முக்கியமானது. சிகோவில் சின்னக் கடையில் ஆரம்பித்தவர் நாடு முழுக்க வளர்ந்ததற்கு முதல் படி திறந்திருந்தது. இங்கே அந்த முதல் படி மூடியிருக்கிறது. மூடியிருக்கும் இடத்தில், பெரிய முதலீட்டோடு மேல் படியில் இருந்தே ஆரம்பிப்பவர்களால்தான் 'கைப்பக்குவம்' என்று லேபிள் ஒட்ட முடியும். கலயம் கட்டும் கைக்கு அந்த லேபிள் கிடைக்காது.

அந்தப் படியைத் திறக்கலாமா, கூடாதா என்பது அரசும் மக்களும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதுவரை மாமாவுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது: "எல்லாமே பீருதான் மாமா. யாரு கையில ஆரம்பிச்சதுங்கிறதுலதான் சண்டையே."

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும்.)