21 தீவுல 2 எங்கே போச்சு? மன்னார் வளைகுடா பவளப்பாறை சொல்லும் கணக்கு

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையை ஒட்டி வரிசையாக 21 தீவுகள் என்பது பழைய கணக்கு. இன்னைக்குப் படகில் போய் எண்ணினால் 19தான் தேறும். கீழக்கரை பக்கம் இருந்த பூவரசன்பட்டி, தூத்துக்குடி பக்கம் இருந்த விலாங்குச்சல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. காரணம் புரியணும்னா, தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளப்பாறையைப் பார்க்கணும்.

பவளம் கல்லா, உயிரா?

இரண்டும்தான். கடல்நீரில் இருந்து சுண்ணாம்பை எடுத்துக் கூடு கட்டும் குட்டி உயிரிகள்தான் பவளம். அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசி, சூரிய ஒளியில் உணவு தயாரித்துக் கொடுக்கிறது. அதனால்தான் வெளிச்சம் இறங்கும், ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான கடல் அவற்றுக்குத் தேவை. இந்தத் தீவுகளின் ஓரம் அதற்குத் தோதான இடம்.

தீவுக்கும் பாறைக்கும் என்ன தொடர்பு?

அலை முதலில் மோதுவது பவளப்பாறையில். வேகம் குறைந்த பிறகுதான் தீவுக்கு வரும். உடைந்த பவளத் துண்டுகளும் மணலும் ஒதுங்கித்தான் தீவுக்கே மண் சேருகிறது. கரைச்சல்லி, விலாங்குச்சல்லி, புளுவினிச்சல்லி என மூன்று தீவுகளின் பெயரிலேயே 'சல்லி' இருக்கிறது. சல்லி என்றால் உடைந்த சிறு கல்.

அப்புறம் என்ன ஆச்சு?

சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 1986-ல் இது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. ஆனா, வெட்டிய இடத்தில் அரண் போனது போனதுதான். அலை நேராகத் தீவை அரித்தது. இரண்டு தீவுகள் மூழ்கியதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது இதுதான்.

வெட்டு நின்றாலும் வெப்பம் விடவில்லை. கடல் சூடானால் பவளம் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். 2010, 2016 ஆண்டுகளில் இங்கே அது பெரிய அளவில் நடந்தது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் செத்துவிடும்.

காப்பாற்ற முடியுமா?

தூத்துக்குடி அருகே சுருங்கிக்கொண்டே போன வான் தீவைக் காக்க, அதன் முன்னால் கடலடியில் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். அலையைத் தடுக்க அது உதவும். ஆனா, உயிருள்ள பவளம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும், தீவுக்கு மண்ணும் கொடுக்கும். இது இரண்டையும் கான்கிரீட்டால் செய்ய முடியாது. மிச்சமிருக்கும் 19 தீவுகளின் ஆயுள் அந்தப் பவளத்தின் கையில்தான்.