எப்போது முடியும் என்று தெரியாத பாட்டு

திரைப்படத்துக்குப் பின்னணி இசை எழுதுபவரிடம் நேரக் கணக்கு இருக்கும். கதவு எந்த நொடியில் திறக்கிறது, நாயகி எந்த நொடியில் திரும்பிப் பார்க்கிறாள் என்று காட்சியை ஓடவிட்டுப் பார்த்தே எழுதலாம். வீடியோ கேமுக்கு எழுதுபவருக்கு அந்த வசதி கிடையாது. ஆடுபவர் ஒரு குகையை இருபது நொடியில் கடந்துவிடலாம். வழி தெரியாமல் இரண்டு மணி நேரம் அதற்குள்ளேயே சுற்றவும் செய்யலாம். இரண்டுக்கும் அதே பாட்டு பொருந்த வேண்டும். நிரல், படம், கதை என்று கேம் முழுவதையும் தனியாகச் செய்பவர் இசைக்கு வரும்போது முதலில் சந்திக்கும் சிக்கல் இதுதான்.

இதற்கான பழைய வழி லூப். ஒன்றிரண்டு நிமிடப் பாட்டு முடிந்ததும் தொடக்கத்திலிருந்து மறுபடி ஒலிக்கும். கேட்பதற்கு எளிது, செய்வது அவ்வளவு எளிதல்ல. கடைசி அடி ஸட்ஜத்தில் வந்து நிம்மதியாக உட்கார்ந்துவிட்டால் பாட்டு முடிந்தது என்று காது தீர்மானித்துவிடும். மீண்டும் தொடங்கும்போது தையல் தெரியும். அதனால் பலர் பஞ்சமத்தில் நிறுத்தி, தொடக்கத்துக்கு இழுத்துச் செல்கிறார்கள். இன்னொன்று, கடைசிச் சுரத்தின் எதிரொலி. கோப்பு முடியும் இடத்தில் அது வெட்டுப்பட்டுப் போகும். பாட்டை இரண்டு சுற்று வாசிக்கவிட்டு, இரண்டாம் சுற்றை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டால், முதல் சுற்றின் எதிரொலி அதன் தொடக்கத்தில் படிந்திருக்கும், ஒட்டு தெரியாது. எம்பி3 கோப்பு இந்த வேலைக்கு ஆகாது. சுருக்கும் முறையே முன்னும் பின்னும் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடுகிறது. ஆக் அல்லது வேவ் வடிவம் நல்லது.

தனியாக கேம் செய்த சிலர் இசையை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்போம். 1978இல் ஜப்பானில் டொமோஹிரோ நிஷிகாடோ ஏறத்தாழத் தனியாக உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேமில் இசை என்று இருந்தது படிப்படியாக இறங்கும் நான்கே சுரங்கள். எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியவர்கள் வேகமாக நகர்வார்கள். அந்த நான்கு சுரங்களும் கூடவே விரையும். ஆடுபவரின் நெஞ்சுத் துடிப்பும் ஏறும். இசையும் ஆட்ட விதியும் இவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருப்பதே இதன் பலம் என்று நினைக்கிறேன்.

டைசுகே அமாயா என்ற இன்னொரு ஜப்பானியர் பிக்சல் என்ற பெயரில் ஐந்து ஆண்டுகள் ஓய்வு நேரத்தில் உழைத்து, 2004 டிசம்பரில் கேவ் ஸ்டோரி என்ற கேமை இலவசமாக வெளியிட்டார். இசையமைக்கும் மென்பொருளையும் அவரே எழுதிக்கொண்டார். ஆர்கன்யா என்ற அந்த வடிவத்தில் மெட்டுக்கு எட்டுத் தடம், தாளத்துக்கு எட்டுத் தடம். அதில் மெட்டுக் கருவிகளாக இருப்பவை வெறும் குறுகிய அலைகள். ஒவ்வொன்றும் 256 புள்ளிகளால் வரையப்பட்ட ஒரே ஒரு சுற்று. கோப்பில் ஒலிப்பதிவே இல்லை. எந்தச் சுரம், எந்த நேரம், எவ்வளவு நீளம் என்ற குறிப்பு மட்டுமே. கருவியின் நயத்தை நம்பி ஒளிந்துகொள்ள இடமில்லாததால் மெட்டு தன் காலில் நிற்க வேண்டியிருந்தது. அந்த மெட்டுகள் இன்றும் நிற்கின்றன.

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த எரிக் பரோன் நான்கு ஆண்டுக்கும் மேலாகத் தனியாக உழைத்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி ஒரு பண்ணை விளையாட்டு. அதில் ஒரு பருவம் 28 நாள். ஒரு நாளை முழுதாக ஆடினால் ஏறக்குறைய 14 நிமிடம். அப்படியானால் ஒரு பருவத்தின் இசை ஆறரை மணி நேரம் சலிக்காமல் தாங்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் வேறு பாட்டுகள் வைத்திருக்கிறார். ஆனால் என்னைக் கவர்வது அவர் இசையை நிறுத்தும் இடங்கள். மழை நாளில் வெளியே பாட்டு கிடையாது, மழைச் சத்தம்தான். இருட்டிவிட்டால் பகல் பாட்டு ஓய்ந்து இரவின் ஒலிகள் வரும். மறுநாள் காலை அதே மெட்டு புதிதாகக் கேட்கிறது. வெளியிலிருந்து ஒருவரை அழைத்து இசை வாங்கினால், காசு கொடுத்த பாட்டை நிறுத்த மனம் வருமா?

தொடங்குபவர்களுக்கு இலவசக் கருவிகளே போதும். பீப்பாக்ஸ் உலாவியிலேயே ஓடும்; எல்.எம்.எம்.எஸ். இன்னும் விரிவானது. கட்டங்களில் புள்ளி வைப்பதுபோல் சுரங்களை வைத்தால் வாசித்துக் காட்டும். பியானோவின் கறுப்புக் கட்டைகள் ஐந்தையும் மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கச் சொல்வார்கள். அவற்றில் சரியான கட்டையை ஸட்ஜமாகக் கொண்டால் அது நம் மோகனம்: ஸ ரி க ப த. அரைச்சுர இடைவெளி எங்கும் இல்லாததால் எந்த இரண்டு சுரம் சேர்ந்து ஒலித்தாலும் கடுமையாக உரசாது. மெட்டு, அடிச்சுரம், தாளம் என மூன்று தடம் போதும். கேம் முடியட்டும், பிறகு இசை என்று தள்ளிப்போட வேண்டாம். கேமின் ஒரு நிலை (லெவல்) வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளாக இருக்கும்போதே பாட்டை உள்ளே போட்டால், பாட்டுக்கேற்ப நிலையையும் நிலைக்கேற்பப் பாட்டையும் திருத்தலாம்.

சோதனைக்கும் எளிய வழி உண்டு. பாட்டை ஓடவிட்டு ஒரு மணி நேரம் நிரல் எழுதுங்கள். எந்த இடம் உறுத்துகிறது என்று தானே தெரியும். பெரும்பாலும் அது எழுதும்போது மிகவும் பிடித்திருந்த, உயரத்தில் பளிச்சென்று ஒலிக்கும் வரிதான். அதை நீக்க வேண்டாம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வரும்படி வையுங்கள், அல்லது ஒரு ஸ்தாயி கீழே இறக்குங்கள்.